காதுக்கு முன்னால் வலிக்கிறதா? தாடை மூட்டுக் கோளாறைக் கண்டறியவும் கையாளவும் ஒரு வழிகாட்டி

காது வலி என்று காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போகிறார்கள். காதில் ஒன்றுமில்லை என்று அவர் அனுப்பிவிடுகிறார். கடவாய்ப்பல் வலி என்று பல் மருத்துவரிடம் போனால் எக்ஸ்ரேயில் சொத்தை தெரிவதில்லை. அப்புறம் தலைவலி மாத்திரை, கண் பரிசோதனை, கழுத்துக்கு ஒரு பெல்ட். மாதக்கணக்கில் அலைந்து முடித்த பிறகுதான், காதுக்கு முன்னால் இருக்கும் சின்ன மூட்டும் அதை இயக்கும் தசைகளும்தான் காரணம் என்று பலருக்குத் தெரியவருகிறது. மருத்துவர் சீட்டில் டி.எம்.ஜே. என்றோ டி.எம்.டி. என்றோ எழுதியிருந்தால் அது இதுதான். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் வருகிறது. 20 வயதிலிருந்து 40 வயதுக்குள் இருப்பவர்களுக்குத்தான் பெரும்பாலும் தொடங்குகிறது.

புதிதாக இந்த வலியோடு இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த வலிகளில் பெரும்பகுதி தசையாலும் பழக்கத்தாலும் வருவது. ஒத்து வரவில்லை என்றால் நிறுத்திவிடக்கூடிய எளிய வழிகளிலேயே பெரும்பாலானவர்களுக்குக் குறைந்துவிடும். எனவே பல்லை ராவுவது, எல்லாப் பல்லுக்கும் உறை போடுவது, மூட்டைத் திறந்து அறுவை செய்வது என்று திரும்பிப் போக முடியாத எதற்கும் அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். என்ன செய்யலாம் என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

மூட்டைத் தொட்டுப் பாருங்கள்

காதுத் துளைக்கு முன்னால் ஒரு சின்ன மடல் இருக்கிறதல்லவா? அதற்கு ஒரு விரல் அகலம் முன்னே, இரண்டு பக்கமும் ஆள்காட்டி விரலை வைத்து மெதுவாக வாயைத் திறந்து மூடுங்கள். விரலுக்கு அடியில் உருண்டையாக ஒன்று நகரும். அது கீழ்த்தாடை எலும்பின் தலை. வாய் கொஞ்சம் திறக்கும்வரை அது தன் குழிக்குள்ளேயே சுழல்கிறது. இன்னும் திறந்தால் குழியை விட்டு முன்னோக்கிச் சறுக்கி வருகிறது, மூடும்போது திரும்பிப் போகிறது. வலது, இடது இரண்டு மூட்டும் ஒரே எலும்பின் இரு முனைகள் என்பதால் ஒன்று மட்டும் தனியாக வேலை செய்ய முடியாது. ஒரு பக்கம் தடுமாறினால் மறு பக்கமும் சுமையை வாங்கிக்கொள்ளும்.

எலும்பின் தலைக்கும் குழிக்கும் நடுவே நார்க்குருத்தெலும்பால் ஆன மெல்லிய தட்டு ஒன்று, குழாய்க்குள் போடும் வாஷர் போல உட்கார்ந்திருக்கிறது. இந்தத் தட்டு இடம் மாறி முன்னால் போய்விட்டால், வாய் திறக்கும்போது எலும்பு அதன் மேல் ஏறும் நொடியில் 'டக்' என்று சத்தம் கேட்கும். சிலருக்கு மூடும்போதும் ஒரு முறை கேட்கும். வலி இல்லாமல், வாய் தாராளமாகத் திறந்து, சத்தம் மட்டும் வருகிறது என்றால் அதற்குச் சிகிச்சை தேவையில்லை. நலமாக இருப்பவர்கள் பலருக்கும் இந்தச் சத்தம் உண்டு. சத்தத்தை நிறுத்துவதற்காகச் சிகிச்சை தேடிப் போகாதீர்கள்.

மூட்டை இயக்குவது தசைகள். பல்லைக் கடித்தால் கன்னத்தில் புடைத்துக்கொண்டு வருவது ஒன்று, நெற்றிப்பொட்டில் விசிறி போலப் பரந்திருப்பது ஒன்று, கையால் எட்ட முடியாதபடி உள்ளே இரண்டு. நெற்றிப்பொட்டுத் தசை சோர்ந்தால் தலைவலியாகத் தெரியும். கன்னத்துத் தசை சோர்ந்தால் கடவாய்ப்பல்லிலும் காதிலும் வலிப்பது போல இருக்கும். நல்ல பல்லுக்கு வேர்ச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் உண்டு என்பதற்கு இந்த இடமாறி வலிக்கும் குணம்தான் காரணம்.

இது தாடை மூட்டு அல்ல என்று காட்டும் அறிகுறிகள்

வீட்டு வைத்தியம் எதையும் தொடங்குவதற்கு முன் இந்தப் பகுதியைப் படித்துவிடுங்கள். இவற்றில் ஒன்று பொருந்தினாலும் ஒத்தடம் கொடுத்துக்கொண்டு வீட்டில் இருக்கக் கூடாது.

நடக்கும்போதோ மாடி ஏறும்போதோ தாடையில் வலி வந்து, உட்கார்ந்தால் குறைகிறதா? கூடவே நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சுத் திணறல், கை வலி இருக்கிறதா? இது மாரடைப்பின் அறிகுறியாக இருக்கலாம். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் நெஞ்சு வலி இல்லாமல் தாடை வலி மட்டும் வருவதும் உண்டு. 108-ஐ அழையுங்கள்.

காய்ச்சல், கன்னத்திலோ தாடைக்கு அடியிலோ வீக்கம், வாய் திறக்க முடியாமை, எச்சில் விழுங்கக் கஷ்டம் என்று சேர்ந்து வந்தால், ஞானப்பல்லைச் சுற்றியோ வேறு பல்லிலோ சீழ் பிடித்து அது கழுத்துக்குள் பரவுவதாக இருக்கலாம். மூச்சுக்கே ஆபத்து. இரவானாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

50 வயதைத் தாண்டியவருக்குப் புதிதாகத் தலைவலி வந்திருக்கிறது, சாப்பாட்டை மெல்ல மெல்லத் தாடை கடுத்துப்போய், நிறுத்தினால் சரியாகிறது, தலை சீவினால் மண்டைத்தோல் வலிக்கிறது, பார்வை மங்குகிறது. இது நெற்றிப்பொட்டு ரத்தக்குழாயில் வரும் அழற்சி. நம் ஊரில் அபூர்வம்தான், ஆனால் தாமதித்தால் பார்வை நிரந்தரமாகப் போய்விடும். அன்றைக்கே பொது மருத்துவரைப் பார்த்து ஸ்டீராய்டு தொடங்க வேண்டிய நோய் இது.

பாக்கு, குட்கா, மாவா, பான் மசாலா போடும் பழக்கம் இருந்து, வலியே இல்லாமல் வாய் மட்டும் மாதத்துக்கு மாதம் சிறுத்துக்கொண்டே வந்தால் அது வாய்ச் சளிச்சவ்வு நார்த்தடிப்பு. காரம் பட்டால் வாய் எரியும். கன்னத்தின் உட்புறம் வெளுத்து, தொட்டால் விறைப்பாகப் பட்டைப் பட்டையாக இருக்கும். சிலருக்கு இது புற்றுநோயாக மாறுகிறது. 'புகையிலை இல்லை, வெறும் பாக்குதானே' என்று சொல்பவர்களுக்கும் இது வரும், ஏனென்றால் காரணமே பாக்குதான். தாடையில் பிரச்சினை என்று நினைத்து வாயை இழுத்து இழுத்துப் பயிற்சி செய்துகொண்டிருக்கும் இளைஞர்களைப் பற்றி எனக்கு உண்மையிலேயே கவலை உண்டு. பாக்கை இன்றே நிறுத்திவிட்டு வாய் மருத்துவப் பிரிவில் காட்டுங்கள்.

முகம் கழுவினாலோ பல் துலக்கினாலோ, லேசாகக் காற்றுப் பட்டாலோகூட, ஷாக் அடித்தது போலச் சில நொடி வலித்துவிட்டு நிற்பது நரம்பு வலி. அதற்கு மருந்தே வேறு. முகத்தில் மரத்துப்போன உணர்வு, கட்டி, இரண்டு மூன்று வாரம் ஆகியும் ஆறாத வாய்ப்புண், காரணமில்லாத எடைக் குறைவு ஆகியவற்றையும் தள்ளிப்போடக் கூடாது. காலில் ஆணி குத்தியது போன்ற காயத்துக்குச் சில நாள் கழித்துப் பல் கிட்டிக்கொண்டு கழுத்தும் விறைத்தால் வில்வாத ஜன்னி, அதாவது டெட்டனஸ். விழுந்து முகவாயில் அடிபட்ட பிறகு மேல்பல்லும் கீழ்ப்பல்லும் முன்பு போலச் சேரவில்லை என்றால் எலும்பு முறிந்திருக்கலாம்.

கண்ணாடி முன்னால் பத்து நிமிடம்

மேலே சொன்னது எதுவும் இல்லையா? அப்படியானால் ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு கண்ணாடி முன் உட்காருங்கள். தேதி போட்டு எழுதிவையுங்கள். பின்னால் மருத்துவரிடம் போக நேர்ந்தால் இந்த ஒரு பக்கம் மிகவும் உதவும்.

முதலில், வாய் எவ்வளவு திறக்கிறது? உங்கள் ஆள்காட்டி, நடு, மோதிர விரல் மூன்றையும் சேர்த்துச் செங்குத்தாக முன்பற்களுக்கு நடுவே வைத்துப் பாருங்கள். மூன்றும் நுழைந்தால் பெரும்பாலும் சரி. ஸ்கேலால் அளந்தால் பெரியவர்களுக்குச் சாதாரணமாக 40 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கும். 35-க்குக் கீழே இருந்தால் குறைவு. வலிக்காமல் எவ்வளவு, வலியைப் பொறுத்துக்கொண்டு எவ்வளவு என்று இரண்டு அளவாக எழுதுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் அதிகமாக இருந்தால் தசை இறுக்கமாக இருக்கலாம்.

அடுத்து, எந்தப் பாதையில் திறக்கிறது? மேல் முன்பற்கள் இரண்டும் சேரும் கோட்டைப் பார்த்துக்கொண்டே கீழ்த்தாடையை மெதுவாக இறக்குங்கள். நேராக இறங்கினால் நல்லது. பாதியில் ஒரு பக்கம் ஒதுங்கி, 'டக்' என்றதும் நடுவுக்கு வந்துவிட்டால், விலகிய தட்டு மறுபடி சேர்ந்துகொள்கிறது என்று அர்த்தம். ஒரு பக்கம் ஒதுங்கி அங்கேயே நின்றுவிட்டால், அந்தப் பக்கத்து மூட்டு சறுக்க முடியாமல் தடைபட்டிருக்கிறது. மணலை மிதிப்பது போல நெறநெறவென்று சத்தம் வந்தால், அதிலும் வயதானவருக்கு வந்தால், மூட்டுத் தேய்மானமாக இருக்கலாம். முடக்குவாதம் உள்ளவர்களுக்கு இந்த மூட்டும் பாதிக்கப்படும் என்பதை நினைவில் வையுங்கள்.

மூன்றாவது, அழுத்திப் பார்ப்பது. இதைச் சரியாகச் செய்தால்தான் பயன், எனவே கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். தாடைக் கோளாறைப் பரிசோதிக்க 2014-இல் வெளியான சர்வதேச அளவுகோல் ஒன்று இருக்கிறது. அதன்படி கன்னத்துத் தசையையும் நெற்றிப்பொட்டுத் தசையையும் ஒரு கிலோ அழுத்தத்தில் பார்க்க வேண்டும். ஒரு கிலோ என்பது எவ்வளவு? சமையலறைத் தராசை எடுத்து, விரல் நுனியால் 1 கிலோ காட்டும்வரை அழுத்துங்கள். நான்கைந்து முறை செய்தால் கை பழகிவிடும். பலர் இதைவிட லேசாகத் தொட்டுவிட்டு வலி இல்லை என்பார்கள், சிலர் குத்திவிட்டு வலிக்கிறது என்பார்கள். பழகிய பிறகு கன்னத்தில் மேலே, நடுவே, கீழே என்றும், பொட்டில் முன்னே, நடுவே, பின்னே என்றும் ஒவ்வோர் இடத்தையும் இரண்டு நொடி அழுத்துங்கள். மூட்டின் மேல் மட்டும் பாதி அழுத்தம் போதும். இங்கே 'வலிக்கிறதா' என்பதோடு நிறுத்தக் கூடாது. 'எனக்கு வழக்கமாக வரும் அதே வலியா' என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அதே வலி கன்னத்தை அழுத்தும்போது வந்தால் மூலம் தசை. காதுக்கு முன்னால் அழுத்தும்போது வந்தால் மூட்டு. இரண்டிலும் வருவதும் சகஜம்தான்.

பகலில் பற்கள் என்ன செய்கின்றன

தாடை மூட்டு வலி என்றதும் எல்லோரும் இரவில் பல் கடிப்பதைத்தான் நினைக்கிறார்கள். பகலில் கடிப்பதை யாரும் கவனிப்பதில்லை. மெல்லும்போதும் விழுங்கும்போதும் தவிர மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றையொன்று தொடவே கூடாது. வாய் மூடியிருக்கலாம், பற்களுக்கு நடுவே இடைவெளி இருக்க வேண்டும். இந்த வரியைப் படிக்கும்போது உங்கள் பற்கள் தொட்டுக்கொண்டிருக்கின்றனவா என்று பாருங்கள்.

என் அண்ணி தையல் வேலை செய்கிறார். வலது கன்னமும் காதும் வலிக்கிறது என்று ஒரு வருடத்துக்கு மேல் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு மதியம் அவர் மெஷினில் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்திலிருந்து பார்த்தேன். ரவிக்கையின் கைக்குழியை வளைத்துத் தைக்கும்போதெல்லாம் கன்னத்தில் தசை உருண்டையாகப் புடைக்கிறது, நேர்த்தையலில் அடங்கிவிடுகிறது. தையல் முடிந்ததும் கத்தரிக்கோல் பக்கத்திலேயே இருக்க, நூலை வலது பக்கப் பல்லால் கடித்து அறுக்கிறார். குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டு அடுத்த துணிக்குப் போகிறார். பல் கடிக்கும் பழக்கம் உண்டா என்று பல் மருத்துவர் கேட்டபோது 'இல்லவே இல்லை' என்றுதான் சொல்லியிருந்தார். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கே தெரியாது.

அதனால் உங்கள் கைக்குழி எது என்று கண்டுபிடியுங்கள். வண்டி ஓட்டும்போதா, கணினியில் கணக்குப் பார்க்கும்போதா, குழந்தைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும்போதா, பாரம் தூக்கும்போதா? அந்த இடத்தில் ஒரு வண்ணப் பொட்டையோ ஸ்டிக்கரையோ ஒட்டுங்கள். போனில் அரை மணிக்கு ஒரு முறை சத்தமில்லாமல் அதிரும்படி வையுங்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் மூன்றைச் சரிபாருங்கள்: உதடு மூடியிருக்கிறதா, பற்கள் விலகியிருக்கின்றனவா, நாக்கு நுனி மேல் முன்பற்களுக்குச் சற்றுப் பின்னால் அண்ணத்தில் இருக்கிறதா? 'ன்' என்று சொல்லும்போது நாக்கு நிற்கும் இடம் அதுதான். பிறகு மூக்கால் ஒரு மூச்சு, தோளைத் தளர விடுவது, அவ்வளவுதான். முதல் வாரத்தில் ஒவ்வொரு முறையும் கடித்துக்கொண்டிருப்பதைத்தான் பார்ப்பீர்கள். சலித்துப்போய் விட்டுவிடாதீர்கள். இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றை மட்டும் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள் என்பேன்.

நகம் கடிப்பது, பேனா மூடி கடிப்பது, கன்னத்தின் உட்புறத்தைச் சவைப்பது, சூயிங் கம், போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு பேசுவது, முகவாயைக் கையில் முட்டுக்கொடுத்துப் படிப்பது ஆகியவையும் இதே கணக்கில் சேரும்.

முதல் சில வாரங்கள்

வலி கடுமையாக இருக்கும் இரண்டு மூன்று வாரத்துக்குத் தாடைக்கு வேலையைக் குறைக்க வேண்டும். நம் சாப்பாட்டில் இது சுலபம். இட்லி, இடியாப்பம், பொங்கல், குழைய வடித்த சாதம், பருப்பு, கீரை மசியல், வேகவைத்த காய், முட்டை, முள்ளில்லாத மீன். தள்ளிவைக்க வேண்டியவை முறுக்கு, தட்டை, சீடை, வறுத்த கடலை, கரும்பு, பனங்கிழங்கு, ஆட்டுக்கறி எலும்பு, ஆறிப்போன பரோட்டா. கொய்யாவையும் ஆப்பிளையும் முன்பல்லால் கடித்து இழுக்காமல் மெல்லிசாக நறுக்குங்கள். உருண்டையைச் சிறிதாக எடுத்து இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி மெல்லுங்கள். ஆனால் எல்லாவற்றையும் மிக்ஸியில் அடித்து மாதக்கணக்கில் குடிக்காதீர்கள். தசை வலுவிழந்துவிடும். வலி குறையக் குறைய வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்ப வேண்டும்.

கொட்டாவி வரும்போது நாக்கை அண்ணத்தில் ஒட்டிவைத்து, முகவாய்க்கு அடியில் கையைக் கொடுங்கள். வாய் அளவுக்கு மீறித் திறக்காது. பல் மருத்துவரிடம் வேறு வேலையாகப் போனாலும் தாடைப் பிரச்சினை இருக்கிறது என்று சொல்லி, இடையிடையே வாயை மூடி ஓய்வெடுக்க அனுமதி கேளுங்கள்.

தசை இறுக்கத்துக்கு வெந்நீர் ஒத்தடம். துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு, கன்னத்திலும் பொட்டிலும் 15 முதல் 20 நிமிடம், நாளுக்கு இரண்டு மூன்று முறை. அடிபட்டோ திடீரென்றோ வந்த கூர்மையான வலிக்கு முதல் இரண்டு நாள் ஐஸ் நல்லது. துணியில் சுற்றி 10 நிமிடம் போதும்.

மாத்திரை என்றால் பாராசிட்டமால் அல்லது இபுப்ரோஃபென், அதுவும் சில நாட்களுக்கு மட்டும். இபுப்ரோஃபெனைச் சாப்பிட்ட பிறகே போட வேண்டும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, இதய நோய் உள்ளவர்களும், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும், கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது. டெங்குக் காலத்தில் காய்ச்சலோடு வலி இருந்தால் இபுப்ரோஃபெனைத் தொடவே வேண்டாம். மருந்துக்கடையில் சேர்த்துக் கட்டிக்கொடுக்கும் பெயர் தெரியாத 'வலி மாத்திரை' பொட்டலங்களில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம், வாங்காதீர்கள்.

பயிற்சி

நாக்கு நுனியை 'ன்' இடத்தில் வைத்து, அது அண்ணத்தை விட்டு விலகாத அளவுக்கு மட்டும் வாயைத் திறந்து மூடுங்கள். தாடை நேராக இறங்குகிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். ஒரு தடவைக்கு 6 முறை, நாளுக்கு 6 தடவை. பார்க்க ஒன்றுமில்லாதது போல இருந்தாலும், சறுக்கலைக் குறைத்துச் சுழற்சியை மட்டும் பழக்குவதால் மூட்டுக்கு இதமாக இருக்கும்.

ஒத்தடம் கொடுத்த கையோடு கன்னத்துத் தசையை இரண்டு விரலால் மேலிருந்து கீழாக மெதுவாக நீவுங்கள். அழுத்தினால் வலிக்கும் முடிச்சு தட்டுப்பட்டால் அங்கேயே அரை நிமிடம் அழுத்திப் பிடித்து விடுங்கள். பிரச்சினை தசையில்தான், மூட்டில் தடை இல்லை என்று உறுதியாகத் தெரிந்தவர்கள் மட்டும், விரலால் கீழ்ப்பற்களை லேசாகக் கீழே தள்ளி, இழுபடுவது தெரியும் இடத்தில் 20, 30 நொடி நிறுத்தலாம். பயிற்சிக்குப் பிறகு சற்று நேரம் கடுத்தால் பரவாயில்லை. அடுத்த நாளும் வலி கூடுதலாகவே இருந்தால் அளவைப் பாதியாகக் குறையுங்கள்.

கழுத்தையும் சேர்த்துப் பாருங்கள். தலையை முன்னால் நீட்டிக்கொண்டு போன் பார்க்கும்போது கீழ்த்தாடையின் இருப்பும் மாறுகிறது. போனைக் கண் உயரத்துக்குத் தூக்குவதும், முகவாயை லேசாக உள்ளிழுத்துத் தலையைத் தோளுக்கு மேல் கொண்டுவருவதும் உதவும்.

இரவு

காலையில் எழுந்ததும் தாடை விறைத்திருந்தால், நெற்றிப்பொட்டு வலித்தால், பக்கத்தில் படுப்பவர் நறநறவென்ற சத்தம் கேட்டதாகச் சொன்னால் தூக்கத்தில் பல் கடிக்கிறீர்கள். குப்புறப் படுத்து ஒரு கன்னத்தை அழுத்திக்கொண்டு தூங்குவதை மாற்றுங்கள். மாலைக்கு மேல் காபி, டீ வேண்டாம். மதுவும் சிகரெட்டும் பல் கடிப்பதைக் கூட்டும். குறட்டை பலமாக இருந்து பகலெல்லாம் தூக்கம் வந்தால், தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்று பரிசோதிக்க வேண்டும். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளாலும் பல் கடிப்பது வரலாம். அப்படித் தோன்றினால் எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

யாரைப் பார்ப்பது, என்ன கேட்பது

நான்கு முதல் ஆறு வாரம் ஒழுங்காகச் செய்தும் குறையவில்லை, அல்லது வாய் திறப்பது குறைந்துகொண்டே வருகிறது என்றால் மருத்துவரைப் பாருங்கள். பல் மருத்துவத்திலேயே வாய் மருத்துவப் பிரிவும் முகத்தாடை அறுவைப் பிரிவும் தனித்தனியாக உண்டு. முதலில் வாய் மருத்துவத்துக்குப் போவது நல்லது. சென்னைக் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், சிதம்பரம் அண்ணாமலை நகரிலும் புதுக்கோட்டையிலும் உள்ள அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் பார்க்கலாம். தாடைக்குச் சிகிச்சை தந்து பழகிய பிசியோதெரபிஸ்ட் கிடைத்தால் விடாதீர்கள்.

பெரும்பாலும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரே எடுப்பார்கள். அது பல், எலும்பு இரண்டையும் காட்டும்; நடுத்தட்டைக் காட்டாது. தட்டைப் பார்க்க எம்.ஆர்.ஐ. வேண்டும். ஆனால் வலியே இல்லாதவர்களை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தாலும் சுமார் மூன்றில் ஒருவருக்குத் தட்டு விலகித்தான் இருக்கிறது. எனவே ரிப்போர்ட்டில் 'தட்டு விலகல்' என்று இருப்பதைப் படித்துப் பயந்துபோகாதீர்கள். அது உங்கள் வலிக்குக் காரணமா என்பதைக் கையால் பரிசோதித்துத்தான் சொல்ல முடியும்.

இனி நான் அழுத்தமாகச் சொல்ல நினைப்பது. 1934-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஜேம்ஸ் காஸ்டன் என்ற காது மூக்கு தொண்டை மருத்துவர், கடவாய்ப்பல் இழந்து கடிமானம் தாழ்ந்துபோவதுதான் காதுவலிக்கும் தாடை வலிக்கும் காரணம் என்று எழுதினார். அவருடைய விளக்கம் பின்னால் தவறு என்று தெரிந்தது. ஆனாலும் கடிமானத்தைச் சரிசெய்தால் வலி போய்விடும் என்ற எண்ணம் பல தலைமுறைப் பல் மருத்துவர்களிடம் தங்கிவிட்டது. இன்றைக்கும் தாடை வலிக்காகப் பல்லை ராவிச் சமன்படுத்தலாம், எல்லாப் பல்லுக்கும் உறை போடலாம், கிளிப் போடலாம் என்று சொல்பவர்கள் உண்டு. வலிக்காக மட்டும் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ராவிய எனாமல் மறுபடி வளராது. 2023-இல் பி.எம்.ஜே. மருத்துவ இதழ் நாள்பட்ட தாடை வலிக்கென்று வெளியிட்ட வழிகாட்டுதல், மேற்பார்வையோடு செய்யும் தாடைப் பயிற்சி, பிசியோதெரபிஸ்ட் கையால் செய்யும் சிகிச்சை, வலியையும் பதற்றத்தையும் கையாளக் கற்றுத்தரும் மனநல ஆலோசனை, நோயைப் பற்றிய விளக்கமும் வீட்டுப் பயிற்சியும் ஆகியவற்றைத்தான் உறுதியாகப் பரிந்துரைக்கிறது. ஆலோசனைக்குப் போகச் சொன்னால் 'வலி உன் மனசில்தான்' என்று சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நாள்பட்ட வலி நரம்பு மண்டலத்தையே கூர்மையாக்கிவிடுகிறது. அதைத் தணிக்கும் வழிகளில் ஒன்று அது.

நைட் கார்டு என்ற தகடு எல்லோருக்கும் எழுதிக்கொடுக்கப்படுகிறது. பல் தேயாமல் காக்க அது உதவும். வலியைக் குறைக்கும் என்பதற்கு ஆதாரம் பலமாக இல்லை. மேலே சொன்ன வழிகாட்டுதல் நாள்பட்ட வலிக்கு அதைப் பரிந்துரைக்கத் தயங்குகிறது. போடுவதானால் உங்கள் பல்லை அளவெடுத்துச் செய்த, எல்லாப் பல்லையும் மூடுகிற கெட்டியான அக்ரிலிக் தகடாக இருக்கட்டும். முன்பற்களை மட்டும் மூடும் தகட்டை நீண்ட நாள் போட்டால் மற்ற பற்கள் இடம் மாறலாம். காலையில் கழற்றிய பிறகு பற்கள் பழையபடி சேரவில்லை என்றால் உடனே காட்டுங்கள்.

மருத்துவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். வலி தசையிலா மூட்டிலா? இந்தச் சிகிச்சை பிடிக்கவில்லை என்றால் பழைய நிலைக்குத் திரும்ப முடியுமா? எத்தனை வாரத்தில் பலன் தெரிய வேண்டும்? தூக்கத்தையும் கெடுக்கும் நாள்பட்ட வலிக்குக் குறைந்த அளவில் அமிட்ரிப்டிலின் போன்ற மாத்திரை கொடுப்பார்கள். மூட்டு பூட்டிக்கொண்டவர்களுக்கு ஊசியால் மூட்டைக் கழுவுவார்கள். திறந்த அறுவையும் செயற்கை மூட்டும் மிகச் சிலருக்கு, வேறு வழி இல்லாதபோதுதான். 1980-களில் அமெரிக்காவில் டெஃப்லான் கலந்த செயற்கைத் தட்டுகளைப் பலருக்கும் பொருத்தினார்கள். அவை உள்ளே சிதைந்து எலும்பையே அரித்தன. 1990-களின் தொடக்கத்தில் அவற்றைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

குழந்தைகளுக்கு அடிபட்டால்

விளையாடும்போது விழுந்து முகவாயில் வெட்டுப்பட்டால் தையல் போட்டு அனுப்பிவிடுவார்கள். அடி நேராக மேலே மூட்டுக்குப் போயிருக்கலாம். கவனிக்காமல் விட்டால் சில மாதங்களில் எலும்போடு எலும்பு ஒட்டி, வாய் சிறிது சிறிதாக மூடிக்கொள்ளும். முகவாய் வளராமல் பின்தங்கும், பேச்சும் சாப்பாடும் தூக்கத்தில் மூச்சும்கூடப் பாதிக்கப்படும். சரியாகாமல் விட்ட காதுச் சீழாலும் இப்படி ஆகலாம். எனவே அடிபட்ட குழந்தையை முகத்தாடை மருத்துவரிடம் ஒரு முறை காட்டுங்கள். அதன் பிறகு சில மாதங்களுக்கு வாரம் ஒரு முறை, குழந்தையின் மூன்று விரல் அதன் வாய்க்குள் நுழைகிறதா என்று பாருங்கள்.

தாடை பூட்டிக்கொண்டால், விலகிவிட்டால்

இரண்டும் வேறு வேறு. இதுவரை 'டக்' என்று கேட்ட சத்தம் திடீரென்று நின்றுபோய், காலையில் எழுந்தால் இரண்டு விரல் அளவுக்கு மேல் வாய் திறக்கவில்லை, தாடை ஒரு பக்கம் ஒதுங்குகிறது என்றால், விலகிய தட்டு வழியை அடைத்திருக்கிறது. பலவந்தமாகத் திறக்காதீர்கள், ஸ்பூனையோ விரலையோ விட்டு நெம்பாதீர்கள். ஒத்தடம் கொடுத்து, மென்மையான உணவோடு சில நாட்களுக்குள் மருத்துவரைப் பாருங்கள். சீக்கிரம் போனால் கையாலேயே விடுவிக்க முயற்சி செய்வார்கள். போகாதவர்களுக்கும் பெரும்பாலும் சில மாதங்களில் வலி தணிந்து வாய் திறப்பு கூடும் என்பதால் கலங்க வேண்டாம்.

மற்றது, கொட்டாவி விட்டோ பல் பிடுங்கும்போதோ திறந்த வாய் மூடாமல் அப்படியே நின்றுவிடுவது. மூட்டின் தலை மேட்டைத் தாண்டி முன்னால் இறங்கிவிட்டது. பார்ப்பதற்குப் பயமாக இருக்கும், எச்சில் வழியும், பேச முடியாது. கன்னத்தில் அறைந்தோ முகவாயைக் குத்தியோ மூட வைக்கலாம் என்று யாராவது சொன்னால் விடாதீர்கள், எலும்பு முறியும். தாடைக்கு அடியில் துண்டு ஒன்றைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டு உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். நேரம் ஆக ஆகத் தசை இறுகி வேலை கடினமாகும். மருத்துவர் கட்டைவிரல்களைக் கீழ்க் கடவாய்ப்பற்கள் பக்கம் வைத்துத் தாடையைக் கீழே அழுத்திப் பின்னால் தள்ளி உள்ளே இறக்குவார். அதன் பிறகு இரண்டு மூன்று வாரத்துக்கு வாயை இரண்டு விரல் அளவுக்கு மேல் திறக்காமல் இருக்க வேண்டும். கொட்டாவிக்குக் கை கொடுப்பதைப் பழக்கமாகவே வைத்துக்கொள்ளுங்கள். அடிக்கடி விலகினால், எந்தெந்தத் தேதியில், என்ன செய்யும்போது விலகியது என்று குறித்துவைத்துக்கொண்டு முகத்தாடை அறுவைப் பிரிவில் காட்டுங்கள்.